வலென்சியாவுக்குப் போகிறவர்கள் வியாழக்கிழமை அங்கே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வலென்சியா பயணக் கட்டுரையைப் படித்தேன். ஸ்பெயின் என்றாலே மாட்ரிட், பார்சிலோனா என்று எழுதுகிறவர்கள் நடுவில் இந்தக் கடற்கரை நகரத்தை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் ‘நகரின் நடுவே ஓடும் துரியா நதியில் படகுச் சவாரி’ என்று படத்துக்குக் கீழே போட்டிருக்கிறீர்களே, அந்த நதி அங்கே ஓடவில்லை. 1969-லேயே அதை ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். கட்டுரையாளர் படகு விட்டது கலை அறிவியல் நகரக் கட்டடங்களைச் சுற்றித் தளம் போட்டுத் தேக்கிவைத்திருக்கும் ஆழமில்லாத குளத்தில்.

நான் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மதகு, ஷட்டர், முறைப்பாசனம், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற புகார், இவற்றோடே காலம் போனது. மகளும் மாப்பிள்ளையும் வலென்சியாவில் வேலை பார்ப்பதால் நானும் என் வீட்டம்மாவும் அங்கே போய்த் தங்கி வந்தோம். அப்படிப்பட்டவன் கண்ணில் இல்லாத ஆறு ஒன்று பட்டால் கடிதம் எழுதாமல் இருக்க முடியுமா?

ஆற்றை ஏன் திருப்பினார்கள் என்பதைச் சொல்லாமல் அந்த ஊரைச் சுற்றிக் காட்டவே முடியாது. 1957 அக்டோபர் 14 அன்று துரியாவில் வெள்ளம் வந்து பழைய நகரத்துக்குள் புகுந்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய ஆற்றுக்கால் வெட்டினார்கள். விநாடிக்கு 5,000 கன மீட்டர் போகிற மாதிரி வடிவமைப்பு. நம் கணக்கில் 1,76,000 கன அடிக்குக் கொஞ்சம் அதிகம். மேட்டூர் நீர்வரத்தைத் தினமும் உங்கள் பத்திரிகையில் பார்க்கிற வாசகர்களுக்கு அந்த அளவு புரியும். வறண்டுபோன பழைய ஆற்றில் நெடுஞ்சாலை போடுவது என்றுதான் அரசு முதலில் திட்டமிட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. ஆற்றுப்படுகை எங்களுடையது, அது பச்சையாக இருக்க வேண்டும் என்று போராடினார்கள். 1976-ல் மன்னர் அந்த நிலத்தை நகரத்துக்குக் கொடுத்தார். இன்று ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டருக்குத் தோட்டமும் விளையாட்டுத் திடல்களும் சைக்கிள் பாதையுமாக நீள்கிறது. பழைய கல்பாலங்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்கு அடியில் பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள்.

நான் மேலே சொன்ன கலை அறிவியல் நகரம், அதாவது சாந்தியாகோ கலாத்ராவா என்ற கட்டடக் கலைஞரின் வெள்ளைக் கட்டடங்கள், இந்தத் தோட்டத்தின் கடல் பக்கக் கோடியில் இருக்கின்றன. சுற்றுலா நிறுவனப் பேருந்துகள் ஆட்களை நேராக அங்கே கொண்டுபோய் இறக்கி, படம் எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்து, மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. நம் ஊரிலிருந்து வந்த ஒரு குழுவை அங்கே சந்தித்தேன். அன்று புதன்கிழமை. மறுநாள் காலை கிளம்பி பார்சிலோனா போகிறோம் என்றார்கள். அடடா, ஒரு நாள் தள்ளிப் போகக் கூடாதா என்று எனக்கு வாய்வரை வந்தது. அவர்கள் கட்டிய பணத்துக்கு அட்டவணை போட்டவர் வேறு ஒருவர், நான் சொல்லி என்ன ஆகப் போகிறது?

வியாழக்கிழமை பகல் 12 மணிக்கு வலென்சியாவில் பாசனத் தகராறுகளைத் தீர்க்கும் தண்ணீர் மன்றம் கூடுகிறது. உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு முன்னால், தெருவிலேயே, வட்டமாக மர நாற்காலிகள் போட்டுச் சுற்றிலும் சிறு தடுப்பு வைத்துவிடுகிறார்கள். துரியாவிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கும் ஒருவர் வீதம் எட்டுப் பிரதிநிதிகள். அந்தந்த வாய்க்காலில் பாசனம் பெறும் விவசாயிகளே தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்கள். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். பேராலய மணி பன்னிரண்டு அடித்ததும், முனையில் பித்தளைக் கொக்கி வைத்த கோலைப் பிடித்த மன்றச் சேவகர், வாய்க்கால் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘இந்த வாய்க்காலில் புகாருக்கு ஆளானவர்கள் உண்டா?’ என்று வலென்சிய மொழியில் கூப்பிடுவார். யாரும் வராவிட்டால் அடுத்த வாய்க்கால். பெரும்பாலான வாரங்களில் வழக்கே இருக்காது. நான் பார்த்த அன்றும் இல்லை. சில நிமிடங்களில் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். பக்கத்தில் நின்ற ஓர் இங்கிலாந்துக்காரர், இவ்வளவுதானா என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினார்.

இவ்வளவேதான், ஆனால் வழக்கு வந்தால் நடப்பதைக் கேளுங்கள். முறை மாறித் தண்ணீர் எடுத்தவர், பக்கத்து வயலில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டவர், தன் பங்கு வாய்க்காலைத் தூர் வாராதவர், இவர்கள் மீதுதான் புகார் வரும். வக்கீல் கிடையாது. எழுத்து மனு கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு. எந்த வாய்க்காலின் தகராறோ, அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ளக் கூடாது. ஆற்றின் வலது கரை வாய்க்கால் ஆளாக இருந்தால் இடது கரைக்காரர்கள் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். இடது கரை என்றால் வலது கரைக்காரர்கள். அங்கேயே தீர்ப்பு, மேல்முறையீடு இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு ஷட்டர் தகராறு வட்டாட்சியர், கோட்டாட்சியர் என்று மேசை மேசையாக ஏறி முடிவதற்குள் குறுவை அறுவடையே முடிந்துவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு எனக்கு அதிசயமாகப் பட்டது.

தண்ணீர்ப் பங்கீட்டில் இன்னொரு நேர்த்தி. இன்ன வாய்க்காலுக்கு இத்தனை கன அடி என்று எழுதிவைக்கவில்லை. ஆற்றில் வருகிற தண்ணீரில் இத்தனை பங்கு என்று வைத்திருக்கிறார்கள். ஆறு மெலிந்தால் எல்லா வாய்க்காலும் சேர்ந்து மெலியும். இது முஸ்லிம் ஆட்சிக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். 1238-ல் அரகோன் மன்னர் முதலாம் ஜௌமே ஊரைப் பிடித்தபோது, பழைய முறைப்படியே பாசனம் நடக்கட்டும் என்று விட்டுவிட்டார். மொன்காதா என்ற ஒரு வாய்க்காலை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டார். அதனால் மன்றத்தில் அதற்கு நாற்காலி கிடையாது. பேராலயம் இருக்கும் இடத்தில் முன்பு மசூதி இருந்தது. கோயிலுக்குள் போக முடியாத முஸ்லிம் விவசாயிகளுக்காகத்தான் மன்றம் வாசலிலேயே நின்றுவிட்டது என்றும் அங்கே சொல்கிறார்கள். 2009-ல் யுனெஸ்கோ இதையும் முர்சியாவில் உள்ள இதே மாதிரியான இன்னொரு மன்றத்தையும் மரபுச் செல்வமாக அறிவித்தது.

போகிறவர்கள் 11.30-க்கே போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். வியாழன் பொது விடுமுறையாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் போனால் அந்த வாசலுக்கு எதிரே சதுக்கத்தில் இருக்கும் நீரூற்றை ஆற அமரப் பார்க்கலாம். நடுவில் சாய்ந்து படுத்திருக்கும் ஆண் உருவம்தான் துரியா. சுற்றி நிற்கும் எட்டுப் பெண்கள் எட்டு வாய்க்கால்கள். உங்கள் கட்டுரையாளர் பக்கம் பக்கமாக எழுதிய மெஸ்தாயா கால்பந்து மைதானத்தின் பெயரும் இந்த எட்டில் ஒரு வாய்க்காலின் பெயர்தான். மைதானத்தை ஒட்டியே அந்த வாய்க்கால் ஓடியது.

மன்றம் கலைந்ததும் மெட்ரோ மூன்றாம் தடத்தில் ஏறி வடக்கே அல்போராயாவுக்குப் போய்விடலாம். நகரம் முடிகிற இடத்திலேயே வயல் ஆரம்பித்துவிடும். வாய்க்கால் தலைப்பில் கை அகலப் பள்ளம் வைத்த கல்தூண்கள் இரண்டு, நடுவில் பலகை இறக்கிய மதகு. பலகையின் மேல்விளிம்பு தண்ணீர் தேய்த்துத் தேய்த்து நடுவில் குழிந்திருந்தது. ஒரு பெரியவர் வந்து பலகையைத் தூக்கிப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு, தண்ணீர் தன் பாத்திக்குள் திரும்பும்வரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். எங்களுக்குள் ஒரு வார்த்தை பொது மொழி இல்லை. நான் கையை விரித்து எவ்வளவு நேரம் என்று கேட்டேன்; கைக்கடிகாரத்தைக் காட்டி விரலால் அரை வட்டம் போட்டார். அரை மணி நேர முறை.

அங்கே விளைவது சூஃபா என்கிற கிழங்கு. நம் வயலில் களை என்று பிடுங்கி எறிகிறோமே கோரை, அதே இனம். அந்தக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, சர்க்கரை போட்டுக் குளிரவைத்தால் ஓர்சாத்தா. துளிப் பால் சேராது. கோடை வெயிலில் இதற்கு ஈடு இல்லை. ஃபார்தோன் என்ற நீளமான பன்னை அதில் முக்கிச் சாப்பிடுவார்கள். பன் எனக்குத் தித்திப்பு அதிகம்; ஓர்சாத்தா மட்டும் போதும்.

அப்புறம் பயேயா என்கிற அரிசிச் சாப்பாடு. உங்கள் கட்டுரையில் ‘இரவு உணவுக்குக் கடற்கரையில் பயேயா சாப்பிடுங்கள்’ என்று யோசனை சொல்லியிருக்கிறது. வலென்சியாக்காரர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அது பகல் சாப்பாடு, அதிலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. இரவில் அரிசி வயிற்றுக்குக் கனம் என்பது அவர்கள் கட்சி. மூன்று வேளையும் அரிசியோடு வாழ்ந்த எனக்கு இதில் சிரிப்புத்தான். நடைபாதையில் பலகை வைத்து, விதவிதமான பயேயா படங்களை வரிசையாக ஒட்டியிருக்கும் கடைகளைக் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள். பெரும்பாலும் உறையவைத்த பொட்டலத்தைச் சூடாக்கித்தான் கொடுப்பார்கள். மல்வரோசா கடற்கரைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கடையில் உட்கார்ந்தோம். கேட்காமலே மேசைக்கு வந்த ரொட்டிக்கும் ஆலிவ் காய்க்கும் தனியாகக் கணக்கு எழுதி வந்தது. வேண்டாம் என்றால் வந்தவுடனே திருப்பி அனுப்பிவிடுவதுதான் வழி.

நல்ல பயேயா வேண்டுமானால் தெற்கே அல்புஃபேரா ஏரிப் பக்கம், எல் பல்மார் என்ற ஊருக்குப் போக வேண்டும். நகரப் பேருந்தே போகிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மணல் திட்டு, அதன் மேல் பைன் காடு. அந்தக் காட்டை வெட்டி அடுக்குமாடி கட்ட 1960-களில் தொடங்கியதையும் 1970-களில் ஊர்க்காரர்கள்தான் போராடி நிறுத்தினார்கள். ஏரியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் நெல். மே மாதம் விதைப்பு, செப்டம்பரில் அறுவடை, வருடத்துக்கு ஒரே போகம். நாற்றங்கால், நடவு எதுவும் கிடையாது. ஊறவைத்த விதையைத் தேங்கிய தண்ணீரிலேயே இயந்திரத்தால் தூவிவிடுகிறார்கள். அறுவடைக்குப் பிறகு குளிர்காலத்தில் வயலில் மறுபடி தண்ணீர் கட்டுகிறார்கள், பறவைகள் வருகின்றன. ஏரிக்கும் கடலுக்கும் இடையே வெட்டிய கால்வாய்களில் மதகு வைத்து, நெல்லுக்கு எப்போது எவ்வளவு வேண்டுமோ அதற்குத் தக்கபடி ஏரியின் மட்டத்தை ஏற்றி இறக்குகிறார்கள். படகுக்காரர்கள் சூரியன் மறையும் நேரத்துக்குத்தான் கூப்பிடுவார்கள். நான் என்னவோ மதகைப் பார்க்கத்தான் போனேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அங்கே ஒரு சமையலறை வாசலில் நின்று பயேயா வைப்பதைப் பார்த்தேன். அகலமான தட்டைச் சட்டி, அடியில் ஆரஞ்சு மர விறகு. எண்ணெயில் கோழியும் முயலும் பொன்னிறமாகும்வரை வறுபட வேண்டும். இதில் அவசரப்படுவதில்லை. பிறகு அகலமான பச்சை பீன்ஸ், துருவிய தக்காளி, மிளகாய்ப்பொடி, உடனே தண்ணீர். காரோஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சையும் குங்குமப்பூவும் சேர்த்துக் கொதித்து அடங்கிய பிறகுதான் அரிசி. போட்ட அரிசியைப் பரப்பிவிட்டதோடு சரி, அதற்குமேல் கரண்டி வைக்கக் கூடாது. முதலில் தீ எரிய, பிறகு தணிய, இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடும். கடைசியில் அடி லேசாகப் பிடித்து மொறுமொறுவென்று ஆக வேண்டும். அந்த அடிக்காந்தலுக்குத்தான் போட்டியே. சட்டியை அப்படியே நடுவில் வைத்து எல்லோரும் மரக்கரண்டியால் சாப்பிடுவார்கள். வரப்பு கட்டியது போல ஆளுக்கொரு பங்கு, பக்கத்து ஆள் பங்கில் கரண்டி போகக் கூடாது. இரண்டு பேருக்குக் குறைந்து பல கடைகளில் வைத்துத் தர மாட்டார்கள். முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. மதியம் இரண்டு மணிக்குப் போங்கள். நான்கு மணிக்குப் பிறகு அடுப்பு அணைந்துவிடும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் வீட்டம்மா சைவம். ‘காய்கறி சாண்ட்விச்’ என்று எழுதிய ஒன்றை வாங்கிப் பிரித்தால் உள்ளே டப்பா சூரை மீன். அந்த நாட்டில் அது வழக்கமாம். சுட்ட குடைமிளகாய் என்று நினைத்து எடுக்கிற எஸ்கராயெத் என்ற பதார்த்தத்தில் உப்புக் கருவாடு இருக்கும். காய்கறிப் பயேயா கிடைக்கும், ஆனால் அதற்கு ஊற்றுகிற தண்ணீர் கோழிச்சாறா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் பன்றித் தொடைத் துண்டைத் தூவிக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. மீன், கோழி, பன்றி எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஸ்பானியத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு தொல்லை இல்லை. மத்தியச் சந்தையில் பழமும் காயும் வாங்கிச் சமைப்பது இன்னும் நிம்மதி. 1928-ல் திறந்த அந்த இரும்புக் கூரைச் சந்தை பிற்பகல் மூன்று மணிக்கு மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. எதிரிலேயே பழைய பட்டு வணிக மண்டபம், முறுக்கிவிட்ட கல்தூண்கள். அதையும் பார்த்துவிட்டு வரலாம்.

எந்த மாதம் போவது என்பதிலும் உங்கள் கட்டுரையோடு எனக்கு ஒப்புதல் இல்லை. மார்ச் 15 முதல் 19 வரை நடக்கும் ஃபாயாஸ் திருவிழாவுக்குப் போகச் சொல்கிறீர்கள். பெரிய பெரிய பொம்மைகளை 19-ஆம் தேதி இரவு கொளுத்துவதும், மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் தரை அதிர வெடிக்கிற வெடியும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் தெருக்கள் அடைபட்டுவிடும், அறை வாடகை எகிறிவிடும், கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் உறக்கம் போய்விடும். ஊரைப் பார்க்க மே, ஜூன். நெல் விளைந்து நிற்பதைப் பார்க்க செப்டம்பர் தொடக்கம்.

இலையுதிர் கால மழையை அலட்சியமாக எண்ண வேண்டாம். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா மாகாணத்தில் 220 பேருக்கு மேல் வெள்ளத்தில் இறந்தார்கள். 1957-க்குப் பிறகு வெட்டிய கால்வாய் பழைய நகரத்தைக் காப்பாற்றிவிட்டது. அதற்குத் தெற்கே பைபோர்தா, கத்தரோகா போன்ற ஊர்களுக்குள் போயோ ஓடை புகுந்தது. கைபேசி எச்சரிக்கை இரவு எட்டு மணிக்கு மேல்தான் வந்தது, அதற்குள் பல தெருக்களில் தண்ணீர் ஏறிவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் நகரத்து இளைஞர்கள் விளக்குமாறும் மண்வாரியுமாக ஆயிரக்கணக்கில் கால்வாய்ப் பாலத்தைக் கடந்து நடந்தே போனார்கள். இறந்தவர்களில் பலர், தரைக்கடியில் நிறுத்திய காரை எடுக்கப் போனவர்கள். எச்சரிக்கை வந்தால் மேல் மாடிக்குப் போங்கள், வண்டி போனால் போகட்டும். வாடகைக் கார் எடுக்கிற நம் ஆட்களுக்கு இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். மாட்ரிட்டில் இறங்கினால் அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வலென்சியா. விமான நிலையத்துக்கே மெட்ரோ உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், கடினத் தண்ணீர் என்பதால் ருசி இராது. கடற்கரை டிராமில் பின் பையில் பணப்பை வைக்காதீர்கள். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் கடலில் இறங்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போடும்போது விசாக் கட்டணத்தையும் சரி செய்துவிடுங்கள். கட்டுரையில் 80 யூரோ என்று இருக்கிறது. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்பதும் விட்டுப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பாசனப் பிரிவு உதவிப் பொறியாளர்,
மன்னார்குடி.